ஏற்றும் படியும் நகரும் தரையும்



மாலை மக்தபில் பயண ஒழுங்குகளைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். நபித்தோழர்கள் பயணத்தின்போது மேட்டில் ஏறினால் தக்பீர் கூறுவார்கள், பள்ளத்தில் இறங்கினால் தஸ்பீஹ் கூறுவார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அதை விளக்கி முடித்ததும் பத்து வயது மாணவன் ஒருவன் கை தூக்கினான்.

“ஹஸ்ரத், எஸ்கலேட்டர்ல மேல போகும்போதும் அல்லாஹு அக்பர் சொல்லலாமா?”

“சொல்லலாம் தம்பி.”

“ஏர்போர்ட்ல தரையே ஓடுமே, அதுல என்ன சொல்றது? அது ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல.”

பிள்ளைகள் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவன், “ரெண்டும் ஒண்ணுதான்டா. ஒண்ணு சாய்ஞ்சிருக்கு, ஒண்ணு படுத்திருக்கு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

திருநீர்மலைப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட ஐயங்கள் எழுவதில் வியப்பில்லை. மீனம்பாக்கம் விமான நிலையம் எங்களுக்கு அண்டை வீடு போன்றது. வளைகுடா நாடுகளுக்குப் போகும் தந்தையையோ மாமனையோ வழியனுப்பச் சென்ற அனுபவம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு உண்டு. அங்கே மெட்ரோ நிலையத்தையும் முனையங்களையும் இணைக்கும் உயர்நடைபாதையில் நகரும் தரை இருக்கிறது. வாக்கலேட்டர் என்று நம் மக்கள் அழைப்பது அதைத்தான். தாம்பரம் ரயில் நிலையத்தில் நகரும் படிக்கட்டு இருக்கிறது. அதை எஸ்கலேட்டர் என்கிறோம். சிங்கப்பூர்த் தமிழர்கள் மின்படி என்று அழகாகச் சொல்வார்கள். இரண்டையும் மின்விசை நகர்த்துகிறது. இரண்டிலும் நிற்கும் மனிதன் நகர்கிறான். அப்படியானால் அந்த மாணவன் சொன்னதுபோல் இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றுபோல் தோன்றும் இரண்டு விஷயங்களை ஒன்று என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதிருக்க நம் ஃபிக்ஹுக் கலை கற்றுத் தருகிறது. அதற்கென்றே ‘ஃபுரூக்’ என்று ஒரு துறை இருக்கிறது. ஃபர்க் என்றால் வேறுபாடு. அதன் பன்மை ஃபுரூக். எகிப்தில் வாழ்ந்து ஹிஜ்ரி 684-இல், அதாவது கி.பி. 1285-இல், மறைந்த மாலிகி மத்ஹப் அறிஞர் இமாம் அல்கராஃபீ (ரஹ்) அவர்கள் எழுதிய பெருநூலின் பெயரே ‘அல்ஃபுரூக்’ என்று வழங்கப்படுகிறது. சட்ட விதிகளுக்கு இடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகளை அது ஆராய்கிறது.

நம் வீட்டுப் பெண்கள் அனைவரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். மாதவிடாய் நாள்களில் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. ஆனால் விடுபட்ட நோன்பைப் பிறகு களாச் செய்ய வேண்டும். விடுபட்ட தொழுகைகளைச் செய்ய வேண்டியதில்லை. இரண்டும் கடமைதானே, ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டால், அறிஞர்கள் சிரமத்தைச் சுட்டிக்காட்டுகிறார்கள். நோன்பு ஆண்டுக்கு ஒரு மாதம் வருவது; தொழுகை நாளுக்கு ஐந்து முறை வருவது. மாதந்தோறும் அத்தனை தொழுகைகளையும் திரும்பச் செய்வது பெரும் சுமையாகிவிடும். அதனால் சட்டம் வேறுபடுகிறது. ஆக, வேறுபாட்டைத் தேடுகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: சுமை எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியோடு அவ்விரு இயந்திரங்களையும் பார்ப்போம்.

நகரும் படிக்கட்டில் ஒவ்வொரு படியும் ஒரு தனி வண்டி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு இணைச் சக்கரங்கள். ஓர் இணை ஒரு தண்டவாளத்திலும் மற்றோர் இணை வேறொரு தண்டவாளத்திலும் உருளும். இரண்டு பக்கமும் ஓடும் சங்கிலி அவற்றை இழுத்துச் செல்கிறது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் தண்டவாளங்களின் இடைவெளி மாறுவதால், அதுவரை ஒரே தளமாகப் படுத்திருந்த பலகைகள் ஒன்றைவிட மற்றொன்று உயர்ந்து படிகளாகின்றன. உச்சியை நெருங்கும்போது மீண்டும் சமமாகித் தரைபோல் ஆகின்றன. பிறகு சீப்பின் பற்கள் போன்ற தகட்டுக்கு அடியில் புகுந்து, கீழ்ப்புறமாகச் சுற்றித் தொடக்கத்துக்கே திரும்புகின்றன. தஸ்பீஹ் மாலையின் மணிகள் விரலைக் கடந்து சென்று மீண்டும் விரலுக்கே வருவதுபோல அதே படிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வழக்கமான சாய்வு 30 பாகை. ஒரு படியின் உயரம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். நம் வீட்டு மாடிப்படியைவிட இது உயரம் அதிகம்.

நகரும் நடைபாதையில் இந்தப் பிரிதல் கிடையாது. சமமான பலகைகள் சங்கிலியில் கோக்கப்பட்டோ, ஒரே ரப்பர்ப் பட்டையாகவோ அது ஓடுகிறது. தொடக்கம் முதல் முடிவு வரை அது தரையாகவே இருக்கிறது. பெரிய அங்காடிகளில் தள்ளுவண்டியோடு ஏறுவதற்குச் சாய்வாக அமைப்பதும் உண்டு. அங்கும் சாய்வு 12 பாகைக்கு உட்பட்டே இருக்கும். அதற்கு மேல் சாய்ந்தால் நிற்பவரின் உடல் தள்ளாடும்.

இனி ஒரு சிறு கணக்கு. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியது இது. நகரும் படிக்கட்டு வழக்கமாக நொடிக்கு அரை மீட்டர் நகர்கிறது. ஆறு மீட்டர் உயரம் ஏற, 30 பாகைச் சாய்வில் 12 மீட்டர் நீளம் வேண்டும். ஆக 24 நொடியில் நாம் மேலே. ஒரு படிகூட எடுத்து வைக்கவில்லை, முழங்கால் ஒருமுறைகூட மடங்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை.

அதே வேகத்தில் ஓடும் 100 மீட்டர் நடைபாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சும்மா நின்றால் 200 நொடி ஆகும். அதன் ஓரத்தில் சாதாரணத் தரையில் நொடிக்கு ஒன்றேகால் மீட்டர் வீதம் நடப்பவர் 80 நொடியில் போய்ச் சேர்ந்துவிடுவார். நிற்பவர் பின்தங்கிவிட்டார்! ஆனால் அந்த நடைபாதையின் மேலேயே நடந்தால் இரண்டு வேகமும் சேர்ந்து 57 நொடியில் முடிந்துவிடும்.

“ஹஸ்ரத், அப்போ அதுல நிக்கிறவன் தோத்துட்டானா?” என்று ஒரு பிள்ளை கேட்டது. தோற்கவில்லை, நிற்பவருக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால் அந்த இயந்திரம் முழுப் பயன் தருவது நடப்பவருக்கே. படிக்கட்டு, நம்மால் இயலாத ஒன்றை நமக்குப் பதிலாகச் செய்கிறது. நடைபாதை, நம்மால் இயன்றதோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறது. முதலாவது சுமையை ஏற்கிறது. இரண்டாவது முயற்சியைப் பெருக்குகிறது. இதுதான் ஃபர்க்.

லண்டன் சுரங்க ரயிலின் ஹோல்பர்ன் நிலையத்தில் 2016-இல் ஆறு மாத காலம் ஒரு சோதனை நடத்தினார்கள். அங்கே நகரும் படிக்கட்டில் நிற்பவர்கள் வலப்பக்கம் நிற்க, இடப்பக்கத்தை அவசரமாக ஏறுகிறவர்களுக்கு விட்டுவிடுவது நெடுங்கால வழக்கம். சோதனையில் இரு பக்கமும் நிற்கச் சொன்னார்கள். நெரிசல் நேரத்தில் முன்பைவிட அதிகமானோர் மேலே சென்றார்கள். அவ்வளவு உயரத்தை நடந்து ஏற விரும்புவோர் சிலரே. அந்தச் சிலருக்காகப் பாதி அகலம் வெறுமையாகக் கிடந்தது என்பது தெரிந்தது. படிக்கட்டின் இயல்பு நிற்பவரைச் சுமப்பது என்பதற்கு இது நல்ல சான்று.

நம் சென்னையிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. நீளம் 570 மீட்டர். மேலே ஏறுவதற்கு நகரும் படிக்கட்டும் மின்தூக்கியும் உண்டு. ஏறிய பிறகு ஏழெட்டு நிமிடம் நம் கால்களால்தான் நடக்க வேண்டும். உயரத்துக்கு இயந்திரம், சமதளத்துக்குக் கால் என்று அங்கே பங்கு பிரித்திருக்கிறார்கள். ஏனெனில் மனிதனுக்கு உயரம்தான் முதலில் கைவிட்டுப் போகிறது. எங்கள் ஊர்க் குன்றின்மேல் இருக்கும் கோயிலுக்குக் கற்படிகள் ஏறிச் செல்ல வேண்டும். அடிவாரத்திலும் ஒரு கோயில் இருக்கிறது. எங்கள் தெருவில் வசிக்கும் முதியவர் ஒருவர், முன்பெல்லாம் வாரந்தோறும் மேலே சென்றவர், இப்போது அடிவாரத்தோடு திரும்பிவிடுகிறார். “தெருவெல்லாம் நடப்பேன் பாய், படிதான் முடியலை” என்று என்னிடம் சொன்னார். முதுமை எல்லா மதத்தாரின் முழங்காலையும் ஒரேவிதமாகத்தான் தொடுகிறது.

மாணவன் கேட்ட கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனி திக்ரு உண்டு. சமதளத்துக்கு அப்படி ஒன்றைக் குறித்துச் சொல்லாததால் அங்கே நாவு மூடிக்கிடக்க வேண்டும் என்று பொருளல்ல. நின்றும் அமர்ந்தும் படுத்தும் இறைவனை நினைவுகூர்பவர்களைக் குர்ஆன் புகழ்கிறது. நகரும் தரையில் எந்த திக்ருக்கும் தடையில்லை. இது மார்க்கத் தீர்ப்பு வழங்கும் முயற்சி அல்ல; பாடம் நடத்தும் ஓர் ஆசிரியன் பிள்ளைகளுக்குச் சொன்ன எளிய விளக்கம்.

இவ்விரு இயந்திரங்களும் பிறந்த கதையும் சுவையானது. பொதுமக்களுக்கான முதல் நகரும் நடைபாதை 1893-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், ஏரிக்கரைத் துறைமேடை ஒன்றில் அமைக்கப்பட்டது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில் மெதுவான மேடை ஒன்றும் வேகமான மேடை ஒன்றும் அருகருகே ஓடின. மக்கள் முதலில் மெதுவான மேடையில் கால் வைத்து, அங்கிருந்து வேகமான மேடைக்கு மாறிக்கொண்டார்கள். நகரும் படிக்கட்டுக்கு முன்னோடியாக ஜெஸ்ஸி ரெனோ என்பவர் 1896-இல் நியூயார்க்கின் கோனி தீவில் அமைத்த சாதனத்தில் படிகளே இல்லை. அது ஒரு சாய்வுப்பட்டை. மக்கள் முன்னோக்கிச் சாய்ந்து நின்றபடி ஏறினார்கள். தட்டையான படிகள் கொண்ட வடிவத்தை சார்லஸ் சீபர்கர் என்பவர் உருவாக்கினார். எஸ்கலேட்டர் என்ற பெயரும் அவர் சூட்டியதே. பாரிஸ் கண்காட்சியில் அதுவும் இடம்பெற்றது.

ஆக, தொடக்கத்தில் இரண்டும் உடன்பிறப்புகள்போல நெருக்கமாகத்தான் இருந்தன. படி பிரிந்து எழத் தொடங்கியபோதே இரண்டும் வேறாயின.

1898-இல் லண்டனின் ஹாரட்ஸ் அங்காடியில் தோலாலான நகரும் சாய்வுப்பட்டையை அமைத்தபோது, அதில் ஏறி மேலே வந்த சீமாட்டிகளின் பதற்றம் தணிய நுகர் உப்பும் மதுவும் கொடுத்துத் தேற்றினார்களாம். கடைசியில் சொன்னது நமக்கு விலக்கப்பட்டது. ஆனால் ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்வோம். நகரும் தளத்தில் கால் வைக்க அஞ்சுவது படிப்பறியாமையால் வருவது அல்ல. உலகின் பெரிய நகரத்துச் செல்வப் பெண்டிரும் அஞ்சினார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் உம்மா.

உம்மாவுக்கு இப்போது 71 வயது. முழங்கால் தேய்மானம் உண்டு. தம்பி ஜித்தாவில் வேலை செய்கிறான். ஒவ்வொரு விடுமுறையிலும், “இந்தத் தடவை என்னோட வாங்கம்மா, உம்ரா செஞ்சுட்டு வரலாம்” என்று அழைப்பான். உம்மா ஒவ்வொரு முறையும், “நீங்க போனாப் போதும், நான் இங்கேருந்து துஆ செய்றேன்” என்று தட்டிக்கழிப்பார். விமானத்துக்குப் பயப்படுகிறார் என்று தங்கை சொல்வாள். கூட்டத்துக்குப் பயம் என்பது மச்சானின் கருத்து. இயந்திரம் என்றாலே ஆகாது என்று உறவினர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அவர் உம்ரா செல்ல ஆசைப்படவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. கஅபாவைத் தொலைக்காட்சியில் காட்டினால் கையிலுள்ள வேலையை வைத்துவிட்டு எழுந்து நிற்பவர் அவர். அரிசி டப்பாவுக்கு அடியில் துணியில் முடிந்த பணமும் இருந்தது. எதற்கென்று அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை.

சென்ற விடுமுறை முடிந்து தம்பி புறப்பட்டபோது நாங்கள் அனைவரும் வண்ணாரப்பேட்டையில் தங்கை வீட்டில் இருந்தோம். அங்கிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ ரயிலில் வந்தோம். வண்ணாரப்பேட்டை நிலையம் பூமிக்கு அடியில் இருக்கிறது. விமான நிலையத்து நிறுத்தமோ தூண்களின் மேல் உயரத்தில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் உம்மா நகரும் படிக்கட்டின் பக்கமே திரும்பவில்லை, மின்தூக்கியில்தான் வந்தார். பிறகு அந்த உயர்நடைபாதை. நகரும் தரை தொடங்கும் இடத்தில் நான் அவருடைய கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் செல்ல முனைந்தேன். அவர் நின்று, அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் என் முழங்கையையும் பற்றிக்கொண்டு, பிஸ்மில்லாஹ் என்று கால் வைத்தார். நகர்ந்தோம். பாதித் தொலைவு சென்றதும் அவர் முகத்தில் சிறு பெண்ணின் சிரிப்பு வந்தது.

“பயமா இல்லையாம்மா?” என்று தங்கை கேட்டாள்.

“இது தரைதானே. எங்க கால வச்சாலும் தரைதான். அந்தப் படி அப்படி இல்ல வாப்பா” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். “கால வைக்கிறப்ப ஒண்ணா இருக்கு. வச்ச பிறகு ரெண்டாப் பிரியுது. எது என் படின்னு கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது.”

அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்தேன். மேல்பாதி தூரப் பார்வைக்கு, கீழ்ப்பாதி படிப்பதற்கு. அப்படிப்பட்ட கண்ணாடியணிந்து கீழே குனிந்து பார்த்தால், காலடியில் இருக்கும் விளிம்பு மங்கலாகத்தான் தெரியும். படியின் ஓரத்தில் மஞ்சள் கோடு இருக்கிறது. அது அவருக்குக் கலங்கிய ஒரு கீற்று. விமானமும் கூட்டமும் இயந்திரமும் அவரைத் தடுக்கவில்லை. உம்ரா சென்று வந்த ஒரு பெண்மணி, ஹரமின் மேல்தளங்களுக்கு நகரும் படிக்கட்டில் ஏறிச் செல்வதை அவரிடம் விவரித்திருக்கிறார். காலுக்குக் கீழே பிரியும் அந்த ஒரு படி, அவருக்கும் கஅபாவுக்கும் இடையே இத்தனை ஆண்டுகள் நின்றுகொண்டிருந்தது.

‘ஒன்று சாய்ந்திருக்கிறது, மற்றொன்று படுத்திருக்கிறது’ என்பது வெளித்தோற்றம். ‘ஒன்று பிரிகிறது, மற்றொன்று பிரியாமல் இருக்கிறது’ என்பது ஃபர்க். மதரஸாவின் வாசலை மிதிக்காத உம்மா அதைக் காலால் கண்டுபிடித்தார்.

“ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க” என்று நாம் பெரியவர்களிடம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அச்சம் அறிவில் இருந்தால் சொல்லால் தீரும். உடலில் இருந்தால் தீராது. ஓடாமல் நின்றுவிட்ட நகரும் படிக்கட்டில் கால் வைக்கும்போது நம்மில் பலருக்கும் ஒரு கணம் உடல் முன்னே தள்ளாடுகிறதே, அதை எண்ணிப் பாருங்கள். அது ஓடவில்லை என்பது கண்ணுக்கும் தெரியும், அறிவுக்கும் தெரியும். ஆனாலும் கால் பழைய கணக்கிலேயே செல்கிறது. 2003-இல் லண்டன் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து எழுதினார்கள். நகரும் தளத்தில் பலமுறை ஏறிப் பழகியவர்களிடம், இனி இது நகராது என்று தெளிவாகச் சொன்ன பிறகும், அடுத்த முறை ஏறும்போது அவர்கள் உடல் முன்பக்கம் ஆடியது. தகவல் அறிவை அடைந்துவிட்டது. காலை இன்னும் அடையவில்லை.

பெற்றோரிடம் ‘சீ’ என்றுகூடச் சொல்லக் கூடாது என்ற கட்டளையை நாம் அறிவோம். அச்சத்தைக் கேலி செய்வதும், விளக்கம் கேட்காமலே ‘உங்களுக்கு எல்லாமே பயம்’ என்று முத்திரை குத்துவதும் அந்தச் சொல்லின் உறவுகளே. ‘எதுக்கும்மா பயப்படுறீங்க?’ என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை பொறுத்திருப்பதே அழகு.

உம்மா இன்றுவரை நகரும் படிக்கட்டில் ஏறவில்லை. ஏறித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஹரமில் மின்தூக்கிகள் உண்டு. தவாஃபைக் கஅபாவைச் சுற்றியுள்ள கீழ்த்தளத்திலேயே நிறைவேற்றலாம். ஸஃபா, மர்வாவுக்கு இடையே ஒரு நடை சுமார் 450 மீட்டர். ஏழு நடையும் சேர்ந்தால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். அது நெடுகவும் நடக்கும் பாதை. அன்னை ஹாஜர் (அலை) அவர்களின் கால்கள் ஓடிய அந்தத் தொலைவில் நடையே வணக்கம். இயன்றவர் நடக்கிறார், இயலாதவருக்குச் சக்கர நாற்காலியும் மின்வண்டியும் இருக்கின்றன. உடல்நலம் குன்றியிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்களை, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்தபடி தவாஃப் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். மார்க்கம் அவர்களை நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படி வரலாம் என்று வழி காட்டியது.

இவற்றையெல்லாம் ஓர் இரவு உம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எந்த இடத்தில் படி, எந்த இடத்தில் தரை, எங்கே மின்தூக்கி என்று தாளில் வரைந்தும் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் காலை அரிசி டப்பாவின் அடியிலிருந்து முடிச்சை எடுத்து வந்து என் முன்னால் வைத்து, “பாஸ்போர்ட்டுக்கு எவ்வளவு ஆகும்?” என்று கேட்டார். அல்ஹம்துலில்லாஹ், பாஸ்போர்ட் வந்துவிட்டது. நாள் இன்னும் குறிக்கவில்லை. அதை நிறைவேற்றித் தருவது அல்லாஹ்வின் கையில்.

இந்த ஃபர்க் மக்தபிலும் எனக்குப் பயன்படுகிறது. எழுத்தையே அடையாளம் காண முடியாத பிள்ளைக்குப் படிக்கட்டு போன்ற உதவி வேண்டும். அருகில் அமர்ந்து, அதன் சுமையைச் சிறிது காலம் நாமே ஏற்றுத் தூக்கிவிட வேண்டும். எழுத்துக் கூட்டி மெதுவாக ஓதும் பிள்ளைக்கு நடைபாதை போன்ற உதவி போதும். அது தன் நாவால் நடக்க வேண்டும், நாம் கூடவே நகர வேண்டும். முதல் பிள்ளையிடம் ‘நீயே ஓது’ என்றால் அது உடைந்துபோகும். இரண்டாம் பிள்ளைக்கு நாமே ஓதிக் காட்டிக்கொண்டிருந்தால் அது நின்றுபோகும். கடனில் மூழ்கிய உறவினருக்கும், தொழில் தொடங்க முனையும் உறவினருக்கும் நாம் செய்யும் உதவியிலும் இதே வேறுபாடு உண்டு. சுமை எங்கே என்று முதலில் கேட்டறிந்தால் உதவியின் வடிவம் தானே விளங்கிவிடும்.

பயணம் செல்லும் குடும்பங்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். புர்காவின் கீழ்விளிம்பும் சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் தரையில் புரளாதபடி ஒரு கையால் சற்று உயர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். மறு கை கைப்பிடியில் இருக்கட்டும். மென்மையான ரப்பர்ச் செருப்பணிந்த குழந்தைகளின் கால் பக்கச் சுவரை உரச விடாதீர்கள்; படிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சிறு இடுக்கு அப்படிப்பட்ட செருப்பை உள்ளே இழுத்துவிடும். இரண்டிலும் உட்காரவோ எதிர்த்திசையில் ஓடவோ குழந்தைகளை விடக் கூடாது. சக்கர நாற்காலியையும் சுமைத் தள்ளுவண்டியையும் நகரும் படிக்கட்டில் ஏற்றவே கூடாது; அதற்கு மின்தூக்கி இருக்கிறது. முடிவிடம் நெருங்கும்போது முன்னே பார்த்து, இறங்கியவுடன் இரண்டு மூன்று அடி நடந்து விலகுங்கள். இறங்கிய இடத்திலேயே நின்று உறவினரைத் தேடினால், பின்னால் வருபவர்களை இயந்திரம் நம்மீது கொண்டுவந்து தள்ளும். தொடக்கத்திலும் முடிவிலும் அவசர நிறுத்தத்துக்குச் சிவப்புப் பொத்தான் இருக்கும். ஏறும் முன் அது எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலும் ‘நான் வரலை, நீங்க போங்க’ என்று சொல்லும் ஒரு பெரியவர் இருக்கக்கூடும். அந்தச் சொல்லோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். எது தடுக்கிறது என்று பரிவோடு கேளுங்கள். பெரும்பாலும் அது மலையாக இருக்காது. ஒரு படியாகத்தான் இருக்கும். அந்தப் படியைச் சுற்றிக்கொண்டு செல்ல ஒரு வழியும் இருக்கும்.

நம் பெற்றோரின் நியாயமான ஆசைகள் நிறைவேற நம்மைக் காரணமாக்கி வைப்பானாக! ஏறுவோருக்கும் இறங்குவோருக்கும் சமவெளியில் நடப்போருக்கும் வல்ல இறைவன் பயணத்தை இலேசாக்கித் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.